யாருடைய அனுமதி? மண உரிமையும் தனிமனிதச் சுதந்திரமும்

மதச் சடங்கு எதுவும் இல்லாமல், அரசு அலுவலர் முன்னிலையில் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக இந்தியாவில் இருப்பது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். வெவ்வேறு மதத்தைச் சேர்ந்த இருவர், யாரும் மதம் மாறாமல் மணம் செய்துகொள்வதற்கும் பெரும்பாலும் இதைத்தான் நாட வேண்டும். அந்த வழியின் முதல் படி ஒரு படிவம். இருவரும் தங்கள் பெயர், வயது, தொழில், இப்போது வசிக்கும் இடம், நிரந்தர முகவரி, எத்தனை நாளாக அங்கே வசிக்கிறார்கள், மணமாகாதவரா, துணையை இழந்தவரா, மணவிலக்குப் பெற்றவரா என்ற விவரங்களை எழுதிக் கையெழுத்திட வேண்டும். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். திருமண அலுவலர் இந்த அறிவிப்பின் நகலைத் தம் அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுவார். நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால் அந்த மாவட்ட அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகும், அங்கும் ஒட்டப்படும். மூல அறிவிப்பு திருமண அறிவிப்புப் புத்தகத்தில் சேரும்; அந்தப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் புரட்டிப் பார்க்கலாம். 30 நாட்களுக்குள் எவரும் ஆட்சேபணை தெரிவிக்கலாம். ஆட்சேபணை வந்தால் விசாரணை. அதற்கு மேலும் 30 நாள்.

இதே நாட்டில் 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டப்படி மணம் செய்துகொள்கிறவர்கள் முன்கூட்டி அரசுக்கு எதையும் தெரிவிக்க வேண்டியதில்லை. நிக்காஹ் செய்துகொள்ளும் முஸ்லிம் இணையரும் எந்த அலுவலகத்திலும் ஒரு மாதம் தங்கள் முகவரியைத் தொங்கவிட்டுக் காத்திருப்பதில்லை. சொந்தச் சாதிக்குள், சொந்த மதத்துக்குள், பெரியவர்கள் பார்த்து முடித்துவைக்கும் திருமணத்துக்குப் பெரும்பாலும் எந்தக் காத்திருப்பும் இல்லை. ஊர் எதிர்க்கக்கூடிய திருமணத்துக்கு மட்டும், அந்த ஊருக்கு முதலில் தகவல் சொல்லிவிட்டு ஒரு மாதம் காத்திரு என்று சட்டம் கட்டளையிடுகிறது. நவீன சமூகத்தில் சுதந்திரம் என்றால் என்ன என்ற பழைய தத்துவக் கேள்வியை இந்த நடைமுறையைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் அரிது. அரசு குறுக்கே நிற்காமல் இருந்தால் தனிமனிதர் சுதந்திரமாக இருப்பார் என்ற எண்ணம் பரவலானது. நம் சமூகத்துக்கு அது பொருந்தாது. இங்கே தனிமனிதரின் மீது அன்றாடம் அதிகாரம் செலுத்துவது வீடும் உறவும் சாதியும். அவற்றின் அனுமதியில்லாமல் தன் வாழ்க்கையைத் தீர்மானிக்க ஒருவரால் முடிகிறதா என்பதுதான் சுதந்திரத்தின் உண்மையான சோதனை. அந்தத் தீர்மானத்துக்கு மறைப்பும் காவலும் தருவது அரசின் கடமை. அதை மேடைபோட்டு அறிவிப்பது கடமை மீறல். இக்கட்டுரையின் வாதம் இதுவே.

சமூகம் என்னும் ஆட்சியாளர்

தனிமனிதச் சுதந்திரத்தின் நவீன இலக்கணத்தை எழுதியவர்களில் முதன்மையானவர் ஜான் ஸ்டூவர்ட் மில். 1859இல் வெளிவந்த 'ஆன் லிபர்ட்டி' நூலில் பிறருக்குத் தீங்கு நேராமல் தடுப்பதற்காக மட்டுமே ஒருவரின் செயலில் தலையிடலாம் என்று அவர் வகுத்த விதி உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதே நூலில் அதைவிடக் கூர்மையான இன்னொரு கருத்தும் இருக்கிறது. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கொடுங்கோன்மை அரசு அலுவலர்கள் வழியாக மட்டும் வருவதில்லை. சமூகமே கொடுங்கோலனாகும்போது அதன் பிடி அன்றாட வாழ்வின் நுணுக்கங்களுக்குள் இறங்குகிறது, தப்பிக்கும் வழிகள் குறைகின்றன என்று மில் எச்சரித்தார். இந்த எச்சரிக்கையைத் தந்தவர் 1823 முதல் 1858 வரை லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகத்தில் பணிபுரிந்தவர். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. தம் சுதந்திர விதி, அவர் பின்தங்கியவை என்று கருதிய சமூகங்களுக்குப் பொருந்தாது என்றும் அதே நூலில் எழுதிவைத்தார். அந்த விலக்கு தவறானது. ஆனால் சமூகக் கொடுங்கோன்மை குறித்த அவருடைய கணிப்பு, அவர் விலக்கி வைத்த சமூகத்துக்கே மிகப் பொருத்தமாக அமைந்தது.

இந்தியாவின் முதல் சிவில் திருமணச் சட்டம் பிறந்த கதையே இதற்குச் சான்று. கேசவ சந்திர சென் தலைமையிலான பிரம்ம சமாஜத்தினர் சடங்கில்லாத, சாதி கடந்த தங்கள் திருமணங்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கேட்டனர். வைஸ்ராய் கவுன்சிலின் சட்ட உறுப்பினர் ஹென்றி மெயின் 1868இல் எல்லோருக்கும் பொதுவான ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். சமுதாயத் தலைவர்களின் எதிர்ப்பால் அது நிறைவேறவில்லை. மெயினுக்குப் பின் அப்பொறுப்புக்கு வந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் 1872இல் சட்டத்தை நிறைவேற்றினார். மில்லின் சுதந்திரக் கொள்கையைக் கடுமையாக மறுத்து 1873இல் நூல் வெளியிட்டவரும் இதே ஸ்டீபன்தான். 1872 சட்டம் ஒரு கனத்த விலையோடு வந்தது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவம், பார்சி, பௌத்தம், சீக்கியம், சமணம், யூதம் ஆகிய எந்த மதத்தையும் தாங்கள் பின்பற்றவில்லை என்று மணமக்கள் உறுதிமொழி கொடுக்க வேண்டும். ஊர் ஒப்பாத திருமணம் வேண்டுமென்றால் ஊரைவிட்டே வெளியேறு என்பதுதான் அதன் பொருள். சமுதாயத் தலைவர்களின் எதிர்ப்பைச் சமாளிக்க ஆங்கில அரசு செய்த சமரசம் அது. ஹரி சிங் கவுர் முயற்சியால் 1923இல் வந்த திருத்தம் இந்து, பௌத்த, சீக்கிய, சமணர்களுக்குள் நடக்கும் திருமணங்களுக்கு மட்டும் இந்தத் துறவைத் தளர்த்தியது. எல்லா மதத்தினருக்கும் விடுதலை கிடைத்தது 1954இல். ஆனால் 1872 சட்டத்தில் 14 நாளாக இருந்த காத்திருப்பு 1954 சட்டத்தில் 30 நாளாக நீண்டது. குடியரசு அமைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, அடிப்படை உரிமைகளை எழுதிவைத்த ஒரு நாடு, காலனி அரசு வைத்த காலக்கெடுவை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டியது.

தலையிடாமை போதுமா?

1958இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில் ஐசையா பெர்லின் சுதந்திரத்தை இரண்டாகப் பிரித்தார். பிறர் தலையீடு இல்லாதிருப்பது ஒன்று. தன்னைத் தானே ஆளும் நிலை மற்றொன்று. இரண்டாவதன் பெயரால் சர்வாதிகாரங்கள் மனிதர்களை நசுக்கின என்பதால் முதலாவதே பாதுகாப்பானது என்று அவர் கருதினார். ஸ்டாலினுக்கும் ஹிட்லருக்கும் பிந்தைய ஐரோப்பாவில் இந்த அச்சம் நியாயமானது. ஆனால் தலையீடு இல்லாதிருப்பது மட்டுமே சுதந்திரம் என்றால் ஒரு சிக்கல் எழுகிறது. இதைச் சுட்டியவர் பிலிப் பெட்டிட். நல்ல மனம் படைத்த எஜமானரிடம் அகப்பட்ட அடிமையை எண்ணிப் பார்க்கச் சொல்கிறார் அவர். எஜமானர் அடிப்பதில்லை, தடுப்பதில்லை. அடிமை விரும்பியபடி நடக்க விடுகிறார். தலையீடு எதுவும் இல்லை. ஆனாலும் அடிமை சுதந்திரமானவன் அல்லன். எஜமானரின் மனம் எப்போது மாறும் என்று அவன் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். 1997இல் வெளியான 'ரிபப்ளிகனிசம்' நூலில் பெட்டிட் இதிலிருந்து பெறும் முடிவு, பிறரது தன்னிச்சையான அதிகாரத்துக்கு ஆட்பட்டிராத நிலையே சுதந்திரம் என்பது.

இந்த வரையறையை வைத்து நம் வீடுகளைப் பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகும். படிக்க அனுப்புகிறார்கள், வேலைக்கு அனுப்புகிறார்கள், செல்பேசி வாங்கித் தருகிறார்கள். பெண்ணுக்கு எல்லாச் சுதந்திரமும் கொடுத்திருக்கிறோம் என்று பல பெற்றோர் மனதாரச் சொல்கிறார்கள். கொடுத்தது என்றால் எடுக்கவும் முடியும். அவள் சாதிக்கு வெளியே ஒருவரை விரும்புகிறாள் என்று தெரிந்த நாளில் செல்பேசி பறிக்கப்படுகிறது, கல்லூரி நிறுத்தப்படுகிறது, அவசர அவசரமாக மாப்பிள்ளை தேடப்படுகிறது. அதற்கு முன் இருந்தது சுதந்திரமல்ல, சலுகை என்பது அன்றுதான் புலப்படுகிறது. பியூ ஆய்வு மையம் ஏறத்தாழ 30,000 பேரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், தங்கள் சமூகத்துப் பெண்கள் வேறு சாதியில் மணம் செய்வதைத் தடுப்பது மிக முக்கியம் என்று 64 விழுக்காட்டினர் கூறினர். ஆண்களைத் தடுப்பது குறித்து 62 விழுக்காட்டினர் அவ்வாறே கூறினர். 2011-12இல் நடந்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வின்படி சாதி மறுப்புத் திருமணங்கள் ஏறத்தாழ 5 விழுக்காடே. இந்த இரண்டு ஆய்வுகளின் எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சட்டம் எந்தத் தடையும் விதிக்காத ஒரு செயலை, மக்கள்தொகையில் மிகச் சிறு பகுதியினர் மட்டுமே செய்கிறார்கள். விருப்பமின்மையால் மட்டும் அப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், தடுப்பது மிக முக்கியம் என்று மூன்றில் இரண்டு பங்கினர் ஏன் நினைக்க வேண்டும்? தேவையில்லாத காவலை யாரும் போடுவதில்லை.

மீறினால் கிடைக்கும் தண்டனையும் தனிமனிதரோடு முடிவதில்லை. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நத்தம் காலனியிலும் அருகிலுள்ள இரண்டு தலித் குடியிருப்புகளிலும் 250க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. தொடக்கம் ஒரு சாதி மறுப்புத் திருமணம். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, நடுப்பகலில், நூற்றுக்கணக்கானோர் நடமாடும் சாலையில், ஒரு தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் மனைவி படுகாயமடைந்தார். கண்காணிப்பு கேமராவில் பதிவான அக்காட்சியைத் தமிழகமே பார்த்தது. திருப்பூர் நீதிமன்றம் 2017இல் ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020இல் சென்னை உயர் நீதிமன்றம் பெண்ணின் தந்தையை விடுவித்து, ஐந்து பேரின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. இத்தகைய கொலைகள் ஒளிவாக அல்லாமல் பட்டப்பகலில் நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. கொல்லப்பட்டவரைவிட, இனி துணியக்கூடியவர்களுக்குச் சொல்லப்படும் செய்தி அது. எரிந்த வீடுகளும் அதே செய்தியைத்தான் சொல்கின்றன.

1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் சாதியின் உயிர்நாடி அகமணமுறையே என்று கண்டு, கலப்பு மணத்தை மருந்தாக முன்வைத்தார். உரையாற்ற அழைத்த லாகூர் அமைப்பு அதன் உள்ளடக்கத்துக்கு அஞ்சிக் கூட்டத்தையே ரத்து செய்தது. அவர் அதைச் சொந்தச் செலவில் அச்சிட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1948 நவம்பர் 4 அன்று அரசியலமைப்பு வரைவை அவையில் முன்வைத்தபோது, கிராமத்தை அடிப்படை அலகாகக் கொள்ளாமல் தனிமனிதரைக் கொண்டதை அவர் வெளிப்படையாகவே பாராட்டினார். அரசியலமைப்பு அறம் இயல்பாக வருவதல்ல, வளர்த்தெடுக்க வேண்டியது என்றும் அதே உரையில் சொன்னார். இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்கும்போது ஒரு கோட்பாடு உருவாகிறது. அடிப்படை உரிமைகள் என்பவை குடிமகனை அரசிடமிருந்து காப்பவை மட்டுமல்ல. குடிமகளை அவளுடைய ஊரிடமிருந்தும் காப்பவை. தீண்டாமையைத் தடைசெய்யும் 17ஆம் பிரிவு அரசை நோக்கி மட்டும் எழுதப்பட்டதல்ல. தெருவில் நடக்கும் ஒவ்வொருவரையும் கட்டுப்படுத்துவது.

தமிழ்நாட்டின் சோதனை

சட்டம் மனிதரின் தேர்வுக்குத் துணைநிற்க முடியும் என்பதற்கும், துணைநின்ற சட்டத்தையே சமூகம் திரும்பவும் கட்டிப்போட முயலும் என்பதற்கும் தமிழ்நாட்டின் சுயமரியாதைத் திருமணம் முழு வரலாற்றையும் தருகிறது. 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் புரோகிதர் இல்லாத திருமணம் நடந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதி மதம் பாராமல் துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் மணவிலக்கு உரிமையையும் பெண்ணுக்குச் சொத்தில் சம பங்கையும் ஒரே மூச்சில் கோரியது. மண உரிமையும் சொத்துரிமையும் பிரிக்க முடியாதவை என்று அம்மாநாடு உணர்ந்திருந்தது. தங்கவும் உண்ணவும் தந்தையின் வீட்டைத் தவிர வேறு கதியில்லாத பெண்ணுக்குத் தேர்வு என்பது காகிதத்தில் மட்டுமே இருக்கும். ஆனால் நீதிமன்றம் இத்திருமணங்களை ஏற்கவில்லை. சடங்குகள் இல்லாமல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே தீர்ப்பில் கேள்விக்குறியாயின. அண்ணா முதலமைச்சரானதும் 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்து, முன்பு நடந்தவற்றையும் செல்லுபடியாக்கினார். உறவினர், நண்பர், பிறர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக அறிவித்து, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும் தாலி கட்டினாலும் திருமணம் நிறைவேறும். பெண்ணுக்குச் சொத்தில் சம பங்கு தமிழகச் சட்டமாக 1989 வரை காத்திருக்க நேர்ந்தது.

கதை அங்கே முடியவில்லை. 2014இல் சென்னை உயர் நீதிமன்றம், வழக்கறிஞர் அறைகளில் ரகசியமாக நடக்கும் திருமணங்கள் 7அ பிரிவின்கீழ் வரும் சுயமரியாதைத் திருமணங்கள் ஆகாது என்றது. திருமணம் என்றால் ஊரறிய நடக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே இதற்கு அடிப்படை. 2023 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றத்தின் ரவீந்திர பட், அரவிந்த் குமார் அமர்வு அக்கருத்தைத் தள்ளுபடி செய்தது. குடும்ப எதிர்ப்பால் அச்சுறுத்தலுக்கு உள்ளாகியிருக்கும் இணையரிடம் பகிரங்கமாக அறிவிக்கச் சொல்வது அவர்களின் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று நீதிபதிகள் கூறினர். எதிர்ப்புக்குள்ளாகும் மனிதருக்கு ரகசியம் ஒரு கவசம் என்பதை நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் ஒப்புக்கொண்ட தீர்ப்பு இது. இதில் ஒரு முரண்பாடு எஞ்சியிருக்கிறது. தமிழ்நாட்டில் சாதி கடந்து மணக்கும் இரண்டு இந்துக்களுக்கு இந்தக் கவசம் கிடைக்கிறது. மதம் கடந்து மணக்கும் ஓர் இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் கிடைப்பதில்லை. அவர்கள் இன்னும் அறிவிப்புப் பலகையின் கீழே நிற்கிறார்கள்.

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசுவாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றனர்; வாழ்வின் முக்கியத் தீர்மானங்களைத் தானே எடுக்கும் உரிமையும் அதில் அடங்கும். அடுத்த ஆண்டே ஹாதியா வழக்கின் தீர்ப்பு வந்தது. வயதுவந்த ஒரு பெண்ணின் திருமணத்தைக் கேரள உயர் நீதிமன்றம் ரத்துசெய்து அவரைப் பெற்றோர் பொறுப்பில் விட்டிருந்தது. சேலத்தில் ஹோமியோபதி படித்த அந்தப் பெண்ணைத் தன் முன் வரவழைத்துக் கேட்ட உச்ச நீதிமன்றம், முதலில் அவர் படிப்பைத் தொடர வழிசெய்து, 2018இல் திருமணம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சக்தி வாஹினி வழக்கில், ஊர்ப் பஞ்சாயத்துகளின் மிரட்டலிலிருந்து இணையரைக் காக்கப் பாதுகாப்பு இல்லங்களும் பொறுப்பான காவல் அலுவலர்களும் வேண்டும் என்று விரிவான கட்டளைகள் பிறந்தன. இவற்றுக்கு முன்பே, 2016இல், ஒவ்வொரு மாவட்டத்திலும் காவல் கண்காணிப்பாளர், சமூகநல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் அடங்கிய தனிப்பிரிவை அமைக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ராமசுப்பிரமணியன் உத்தரவிட்டிருந்தார். கட்டளைகளுக்குப் பஞ்சமில்லை. நடைமுறையில் நடப்பது வேறு. பெண் வீட்டைவிட்டு வெளியேறினால் 'பெண்ணைக் காணவில்லை' என்று புகார் பதிவாகிறது. காவல் நிலையத்துக்கு இரு தரப்பும் அழைக்கப்படுகிறது. பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பின்னால் ஆட்கொணர்வு மனு, நீதிமன்றத்தில் ஆஜர், வயதுச் சான்று, யாருடன் போக விரும்புகிறாய் என்ற கேள்வி. வயதுவந்த ஒரு மனிதர் எங்கே வாழ்வது என்பதற்கு இத்தனை பேர் முன்னிலையில் பதில் சொல்ல வேண்டியிருப்பதே சுதந்திரம் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதைக் காட்டும்.

மறுப்புகளும் விடைகளும்

இந்த வாதத்துக்கு எதிராக எழக்கூடிய வலுவான மறுப்பு, அறிவிப்பு பெண்ணைக் காக்கிறது என்பது. ஏற்கெனவே மணமானவர் அதை மறைத்து ஏமாற்றலாம். முன்கூட்டி அறிவித்தால் உண்மை தெரிந்தவர் வந்து தடுக்கலாம். கவலை உண்மையானது. ஆனால் அதே ஏமாற்று, அறிவிப்பே கேட்காத சாதி வழித் திருமணங்களிலும் நடக்கிறது. அங்கே யாரும் 30 நாள் பலகையைக் கோரவில்லை. ஏமாற்றைத் தடுக்கச் சட்டத்திலேயே நேரான கருவிகள் இருக்கின்றன. மூன்று சாட்சிகள் முன்னிலையில் இருவரும் கையெழுத்திடும் உறுதிமொழி, பொய்யுரைத்தால் தண்டனை, இருமணத்துக்கு எதிரான குற்றப்பிரிவு, அலுவலர் நேரில் சரிபார்க்கும் சான்றுகள் ஆகியவை போதுமானவை. இன்னொரு பக்கம் அறிவிப்பினால் விளையும் கேடு கண்கூடு. கேரளத்தில் பதிவுத் துறை இந்த அறிவிப்புகளை இணையதளத்தில் ஏற்றிவந்தது. மதம் கடந்த இணையரின் விவரங்களை மதவாதிகள் பதிவிறக்கிச் சமூக ஊடகங்களில் பரப்பியதால், 2020 ஜூலையில் மாநில அரசே அதை நிறுத்த நேர்ந்தது. நேர்மையற்ற ஆட்சேபணை தெரிவித்தவருக்குச் சட்டம் விதிக்கும் அதிகபட்சச் செலவுத்தொகை 1,000 ரூபாய். ஓர் உயிரை ஆபத்தில் தள்ளுவதற்கு இது எந்தத் தடையும் ஆகாது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில், இணையர் கேட்டுக்கொண்டால் மட்டுமே அறிவிப்பை வெளியிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் வழி சரியானது; ஆனால் ஒரு மாநிலத்தின் இணையருக்குக் கிடைத்த அந்தரங்கம் இன்னொரு மாநிலத்தில் கிடைக்காமல் இருப்பது நியாயமல்ல.

இரண்டாவது மறுப்பு பெற்றோரின் அக்கறையைப் பற்றியது. இருபது ஆண்டுகள் வளர்த்தவர்களுக்கு ஒரு சொல் சொல்லக்கூட உரிமையில்லையா? காதல் வேகத்தில் எடுக்கும் முடிவு தவறாகாதா? அறிவுரை சொல்லவும் வருந்தவும் எதிர்த்து வாதாடவும் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு. பேச்சும் பாசமும் இருக்கும்வரை அது அறிவுரை. கதவைப் பூட்டும்போதும் அடியாளை அனுப்பும்போதும் அது அதிகாரம். தவறான முடிவு எடுக்கும் வாய்ப்பு எல்லாத் திருமணத்திலும் உண்டு; பெரியவர்கள் பார்த்துவைத்த திருமணங்களும் குடும்பநல நீதிமன்றங்களில்தான் முடிகின்றன. 18 வயதில் நாட்டின் ஆட்சியைத் தேர்ந்தெடுக்கத் தகுதியுள்ளவர் என்று ஏற்கப்படும் பெண், தன் துணையைத் தேர்ந்தெடுக்கத் தகுதியற்றவர் என்று கூறுவதற்கு ஏற்கத்தக்க அடிப்படை இல்லை. தலித் இளைஞர்கள் திட்டமிட்டுக் காதல் நாடகம் ஆடுகிறார்கள் என்று சில அரசியல் குரல்கள் கூறும் குற்றச்சாட்டும் இங்கேதான் வருகிறது. அந்தக் குற்றச்சாட்டு அந்தப் பெண்ணின் அறிவையே மறுக்கிறது; அவளுக்குச் சொந்தமாக விருப்பம் இருக்க முடியாது, யாரோ ஒருவர் அவளை இயக்குகிறார் என்ற முன்முடிவில்தான் அது நிற்கிறது.

மூன்றாவது மறுப்பு தத்துவத் தளத்தில் வருகிறது. மனிதர் தனித்த அணு அல்லர். மொழியும் உறவும் மரபும் சேர்ந்துதான் ஒருவரை உருவாக்குகின்றன என்று மைக்கேல் சாண்டெலும் சார்லஸ் டெய்லரும் தாராளவாதத்தை விமர்சித்தார்கள். இந்தியச் சூழலில் இதுவே தனிமனிதச் சுதந்திரம் மேற்கத்திய இறக்குமதி என்ற குரலாக ஒலிக்கிறது. மனிதரைச் சமூகம் உருவாக்குகிறது என்பது உண்மை. உருவாக்கிய கைக்கு மனிதர் உடைமையாகிவிடுவார் என்பது அதிலிருந்து வராது. சாதியை மறுத்து மணம் செய்துகொள்கிறவர்கள் உறவே வேண்டாம் என்று ஓடுகிறவர்கள் அல்லர். புதிய உறவொன்றை உண்டாக்கத் துணிகிறவர்கள். அவர்கள் கேட்பது தனிமையை அல்ல, இன்னும் அகலமான சொந்தத்தை. இறக்குமதி என்ற பேச்சுக்குச் சுக்கிலநத்தமும் செங்கற்பட்டும் பதில். அந்த ஊர்களில் கூடியவர்கள் யாரும் மில்லைப் படித்துவிட்டுத்தான் தங்கள் மகளுக்கு உரிமை கேட்டார்கள் என்று சொல்ல முடியாது. தங்கள் தெருவில் கண்ட இழிவே அவர்களைப் பேசவைத்தது.

நான்காவதாக, பெரும்பான்மையினரின் ஒழுக்க உணர்வைச் சட்டம் மதிக்க வேண்டாமா என்ற கேள்வி. 1959இல் இங்கிலாந்தின் நீதிபதி டெவ்லின் இதையே வாதிட்டார். பொது ஒழுக்கம் சிதைந்தால் சமூகமே சிதையும் என்றார். ஹெர்பர்ட் ஹார்ட் 1963இல் பதில் எழுதினார். ஒரு வழக்கம் மாறுவதாலேயே சமூகம் அழிந்துவிடுவதில்லை. பெரும்பான்மையினரின் அருவருப்பு ஒன்றே சட்டத்துக்குக் காரணமாகிவிட்டால் எந்தச் சிறுபான்மைக்கும் பாதுகாப்பு இருக்காது என்பதே அதன் சாரம். நம் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைத் தளர்த்தியபோது, சமூக ஒழுக்கத்தைவிட அரசியலமைப்பு அறமே மேலானது என்ற அம்பேத்கரின் வழியில் நின்றது. ஆனால் 2023 அக்டோபரில், திருமணம் செய்யும் உரிமை அடிப்படை உரிமை அல்ல என்று கூறி ஒருபால் இணையருக்கு அந்தக் கதவைத் திறக்க மறுத்தது. யாரோடு வாழ்வது என்ற தேர்வைக் குற்றமற்றதாக்குவதும் அந்தத் தேர்வுக்குச் சட்டத்தின் துணையைத் தருவதும் வேறு வேறு. முதலாவது மட்டும் கிடைத்தவர்கள் இன்னும் ஊரின் தயவில்தான் வாழ வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒரு மறுப்பைச் சுதந்திரவாதிகளே எழுப்பக்கூடும். அரசை வீட்டுக்குள் அழைப்பது ஆபத்தல்லவா? ஆபத்துதான், அது நடந்துகொண்டும் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் 2021ஆம் ஆண்டு மதமாற்றத் தடைச் சட்டம், மதம் மாற விரும்புகிறவர் 60 நாள் முன்னதாக மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உத்தராகண்ட் பொது சிவில் சட்டம், மணமாகாமல் சேர்ந்து வாழ்கிறவர்களும் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. பதிவு செய்யாவிட்டால் சிறைத் தண்டனை உண்டு. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவரென்றால் பெற்றோருக்குத் தகவல் போகும். இவற்றில் அரசு ஊரின் கையாளாகச் செயல்படுகிறது. எனவே அரசு தலையிடுகிறதா இல்லையா என்று கேட்பது பயனற்றது. அந்தத் தலையீட்டால் வலுவற்றவர் வெளியேறும் வழி அகலமாகிறதா, அடைபடுகிறதா என்று கேட்க வேண்டும். பாதுகாப்பு இல்லம் வழியை அகலப்படுத்துகிறது. அறிவிப்புப் பலகை அடைக்கிறது. ஆணவக் கொலைக்கு எதிரான தனிச் சட்டம் அகலப்படுத்தும். சேர்ந்து வாழ்வதைப் பதிவு செய்யச் சொல்லும் சட்டம் அடைக்கும். இந்த ஓர் அளவுகோல் போதும், எந்தச் சட்டம் சுதந்திரத்தின் பக்கம் நிற்கிறது என்று பிரித்தறிய.

ஆணவக் கொலைகளைத் தடுக்கும் சட்டத்தைப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று தமிழக அரசு 2025 அக்டோபரில் அறிவித்தது. ஊர்க் கட்டுப்பாடு என்ற பெயரில் கூடும் கூட்டங்களைத் தடைசெய்யும் சட்ட வரைவை மத்திய சட்ட ஆணையம் 2012ஆம் ஆண்டிலேயே தந்துவிட்டது. அது இன்றுவரை சட்டமாகவில்லை. கொலைக்குப் பிறகு தண்டிக்கும் சட்டம் தேவை; அதைவிட, கொலைக்கு முன்னால் கைகொடுக்கும் சட்டம் தேவை. சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்து 30 நாள் அறிவிப்பை நீக்க வேண்டும். வயது, சம்மதம், ஏற்கெனவே நிலுவையில் திருமணம் இல்லாமை, தடைசெய்யப்பட்ட உறவுமுறை இல்லாமை ஆகிய நான்கைத் தவிர வேறெதையும் பதிவாளர் கேட்கக்கூடாது. 2016இல் உத்தரவிடப்பட்ட மாவட்டத் தனிப்பிரிவுகள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இரவிலும் தொலைபேசி எடுக்கும் அமைப்பாக இயங்க வேண்டும். வயதுவந்த மகளைக் காணவில்லை என்ற புகார் வந்தால், அவளைத் தேடிப் பிடித்து வீட்டில் ஒப்படைப்பது காவல்துறையின் வேலை அல்ல; அவள் பாதுகாப்பாக இருக்கிறாளா என்று உறுதிசெய்வதே வேலை. இவற்றில் எதற்கும் அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் வாக்காளர்கள் இதைக் கேட்க வேண்டும். நம் பிள்ளைகள் நம்மிடம் வந்து சொல்லும் அளவுக்கு நம் வீடுகள் மாறும்வரை, சொல்லாமல் போகவும் அவர்களுக்கு உரிமை இருக்கிறது என்பதைச் சட்டம் காக்க வேண்டும்.